கண்ணாடிக்கு வைத்த பொட்டு

ஆயுத பூஜை அன்று காலை பத்து மணி இருக்கும். பக்கத்து வீட்டுக் கோவிந்தசாமியின் மாடிப்படியில் ஏறி, மாடி அறைக் கதவைத் தள்ளினேன். உள்ளே சாம்பிராணிப் புகை. கழுவித் துடைத்த மண்வெட்டி, கடப்பாரை, மருந்தடிக்கும் ஸ்பிரேயர், டிராக்டர் சாவி, அவர் மனைவி சரோஜாவின் தையல் மெஷின் எல்லாம் வரிசையாக இருந்தன. எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம்.

வரிசையின் கடைசியில், வாழை இலைத் துண்டு ஒன்றின் மேல், என் தொலைநோக்கியின் கண்ணாடி இருந்தது.

அதற்கும் பொட்டு. நட்ட நடுவில், சுண்டுவிரல் நுனி அளவுக்குச் சந்தனம். அதன் மேல் குங்குமம். பக்கத்தில் கொஞ்சம் பொரி, ஒரு வாழைப்பழம்.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. அப்போது என் வாயிலிருந்து வந்ததைச் சொல்வதற்கு முன்னால், அந்தக் கண்ணாடி எங்கள் ஊருக்கு எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். போன வாரம் கேமரா மாட்டப் போய்க் குளவியிடம் கொட்டு வாங்கிய கதையைப் படித்த வாசகர் ஒருவர், “நீங்கள் எதையும் நேராகவே சொல்ல மாட்டீர்களா?” என்று கேட்டிருந்தார். மாட்டேன். டிஷ் மாட்டுகிறவனுக்கு அது வராது. கொஞ்சம் இப்படி, கொஞ்சம் அப்படித் திருப்பித்தான் எங்களுக்குப் படம் கிடைக்கும்.

பெட்டியில் வந்த குழாய்

எனக்கு ஐம்பது வயது முடிந்ததற்கு ஓசூரில் வேலை பார்க்கும் என் மகள் ஜெனிட்டா அனுப்பிய பரிசு அது. பெட்டி வந்த அன்று, சட்டைத் துணிதான் இவ்வளவு பெரிய பெட்டியில் வந்திருக்கிறது என்று நினைத்தேன். பிரித்தால் ஒரு கறுப்புக் குழாய், மூன்று கால் ஸ்டாண்டு, இரும்புக் குண்டு ஒன்று, பை நிறையத் திருகாணிகள்.

போனில் மகள் சொன்னாள்: “அப்பா, நீங்கதான் எந்நேரமும் மொட்டை மாடியிலயே இருக்கீங்க. மேலயும் கொஞ்சம் பாருங்க.”

அவள் சொன்னது சரிதான். அரூருக்கும் மொரப்பூருக்கும் நடுவில் நான் ஏறாத மொட்டை மாடி குறைவு. டிஷ் மாட்டுவேன், கேமரா மாட்டுவேன். ஆகாயத்தில் எந்தப் பக்கம் எந்தச் சாட்டிலைட் நிற்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் கை நீட்டிக் காட்டுவேன். ஆனால் நட்சத்திரம் ஒன்றின் பெயரும் தெரியாது.

இந்தத் தொலைநோக்கியில் முன்பக்கம் லென்ஸ் கிடையாது. குழாயின் வாய் திறந்தே இருக்கும். உள்ளே நுழைகிற வெளிச்சம் அடியில் இருக்கும் குழிந்த கண்ணாடியில் பட்டுத் திரும்பி வரும். வாய்க்குப் பக்கத்தில் சாய்த்து வைத்த சின்னக் கண்ணாடி ஒன்று அதைப் பக்கவாட்டு ஓட்டைக்குத் தள்ளும். அந்த ஓட்டையில்தான் கண் வைக்கும் லென்ஸ். சலூனில் நம் பின்னந்தலையைக் காட்ட, பின்னால் ஒரு கண்ணாடியைப் பிடிப்பார்களே, ஏறக்குறைய அந்த வேலைதான்.

என் மனைவி ஸ்டெல்லாவுக்கு வேறு கவலை. “புதுச் சாமான் வந்திருக்கு. ஞாயித்துக்கிழம கோயிலுக்கு எடுத்துப் போயி ஃபாதர்கிட்ட மந்திரிச்சு வாங்கிட்டு வந்துடலாம்.”

“வேணாம். தீர்த்தம் தெளிப்பாரு. கண்ணாடிக்குத் தண்ணி ஆகாது.”

“பைக்குக்கு ஆச்சு, மிக்சிக்கு ஆச்சு, இதுக்கு மட்டும் ஆகாதா?”

ஆகாது என்று அடித்துச் சொல்லிவிட்டேன். அன்று சொந்தப் பெண்டாட்டி கேட்டே தீர்த்தம் தெளிக்க விடாத ஆள் நான். இதை ஞாபகம் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

தலைகீழ்த் தண்ணீர்த் தொட்டி

எங்கள் மாடிக்கு நேர் எதிரே தெருவிளக்கு. வெள்ளை வெளேரென்று எரியும். கோவிந்தசாமியின் மாடி அவருடைய மரவள்ளிக் காட்டைப் பார்த்தது. சாயங்காலம் ஆனால் கும்மிருட்டு. இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருக்கும் காம்பவுண்டுச் சுவரில் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு வழி விட்டிருக்கிறோம். நாங்கள் வேதக்காரர்கள், அவர்கள் மாரியம்மன் கோயில்காரர்கள். அந்த வழியில் இருபது வருடமாகக் குழம்பும் பஞ்சாயத்தும் போய்வந்துகொண்டிருந்தன.

“மாடி ரூம் சும்மாத்தான கெடக்குது. கொண்டாந்து வெய்யா,” என்றார் கோவிந்தசாமி. வயதில் என்னைவிட இரண்டு வருடம் மூத்தவர். என்னை எப்போதும் ‘யா’ போட்டுத்தான் பேசுவார்.

அப்படித்தான் தொலைநோக்கி அவர்கள் வீட்டில் குடியேறியது.

மாட்டி முடித்தபோது இரண்டு திருகாணி மிச்சம். எனக்கு அது வழக்கம்தான். பெரிய குழாயின் முதுகில் ஒரு குட்டிக் குழாய் உண்டு. பகலிலேயே தூரத்தில் இருக்கும் பொருள் ஒன்றைப் பெரிய குழாயின் நடுவுக்குக் கொண்டுவந்து, குட்டிக் குழாயின் கூட்டல் குறியும் அதே இடத்தில் நிற்கும்படி திருக வேண்டும் என்று புத்தகத்தில் போட்டிருந்தது. டிஷ் மாட்டுகிறவனுக்குப் புத்தகமா? நேராக ராத்திரிக்குத் திருப்பினேன். இருட்டைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. ஒரு மணி நேரம் இருட்டையே ஃபோகஸ் செய்தேன்.

மறுநாள் மத்தியானம் மானத்தை விட்டுப் புத்தகத்தைப் பிரித்தேன். ஊர்க் கோடியில் இருக்கும் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியைப் பிடித்தேன். தெளிவாக வந்தது, தலைகீழாக.

சரோஜாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து பார்த்தாள்.

“ஏங்ணா, தண்ணி கொட்டிடாதுங்களா?”

இந்த மாதிரித் தொலைநோக்கியில் எல்லாம் தலைகீழாகத்தான் தெரியும், ஆகாயத்துக்கு ஏது மேல், ஏது கீழ் என்று விளக்கினேன். எனக்கே கொஞ்சம் முன்னால் புத்தகத்தைப் பார்த்துத்தான் தெரியும். அவள் கண்ணை எடுக்கவில்லை. “ஒருத்தரு மேல ஏறறாருங்ணா. இல்லல்ல, எறங்கறாரு. அய்யோ, ஏறித்தான் எறங்கறாரு!” என்று சிரித்தாள். தொட்டி ஆபரேட்டர் ஏணியில் இருந்திருக்கிறார். அவர் இறங்கிச் சைக்கிளை எடுக்கும்வரை பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தாள்.

நிலா நன்றாக வந்தது. ஆனால் நான் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தது சனியின் வளையத்தைப் பற்றி. ஒரு சாயங்காலம் ஏழெட்டுப் பேர் மாடிக்கு வந்துவிட்டார்கள். சரோஜா மட்டும் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள். சனியைப் பிடித்தேன். வால் முளைத்த வெள்ளை உருண்டை ஒன்று தெரிந்தது. எவ்வளவு திருகினாலும் வளையம் வரவில்லை.

“என்னய்யா இது, சனின்னு சொல்லிட்டு வடை மாவக் காட்டற?” என்றார் கோவிந்தசாமி. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரிப்பது போல் இருந்துவிட்டேன்.

அடுத்த சில நாள், குழாயின் அடியில் இருந்த திருகாணிகளை எல்லாம் டிஷ் நட்டு மாதிரி இஷ்டத்துக்குத் திருகினேன். மாவு இன்னும் மோசமாக வழிந்தது. கடைசியில் கண்ணாடியில்தான் தூசி என்று முடிவு கட்டி, அதை அதன் பிடியோடு கழற்றி எடுத்தேன். துண்டில் சுற்றி மாடி அறை அலமாரியில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். மறுநாள் ஆயுத பூஜை.

நான் பேசியது

என் பின்னாலேயே சரோஜா படியேறி வந்தாள். கையில் சுண்டல் கிண்ணம்.

“பாத்தீங்களாண்ணா? உங்க சாமானுக்கும் வெச்சுட்டேன்.”

“யாரு இதத் தொடச் சொன்னது?”

அவள் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது. “இல்லீங்ணா, வண்டின்னா மூஞ்சியில வெப்போம். இதுல எங்க வெக்கறதுன்னு தெரியல. துண்டப் பிரிச்சா என் மூஞ்சி தெரிஞ்சுது. அப்ப இதான் இதுக்கு மூஞ்சின்னு நெனச்சு…”

“இது என்ன டிராக்டரா? நாலு எழுத்துப் படிச்சிருந்தா இதோட அரும தெரிஞ்சிருக்கும்!”

சரோஜா ஐந்தாவதோடு நின்றவள். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். கோபத்தில் வாயில் வந்துவிட்டது என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். எங்கே அடித்தால் வலிக்கும் என்று எனக்கு அந்த நிமிடம் நன்றாகத் தெரிந்திருந்தது.

அவள் சுண்டல் கிண்ணத்தை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுக் கீழே போய்விட்டாள். கதவருகே கோவிந்தசாமி நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ.

“அந்தோணி, உங்க சாமான எடுத்துட்டுப் போயிடுங்க,” என்றார்.

‘யா’ இல்லை. ‘ங்க’ வந்துவிட்டது. பூஜையில் வைத்த பொருளை மறுநாள் வரைக்கும் யாரும் எடுக்க மாட்டார்கள். நான் அப்போதே எடுத்தேன். குழாயைத் தோளிலும் ஸ்டாண்டைக் கக்கத்திலும் கண்ணாடியைக் கையிலுமாகச் சுவரின் வழியே நடந்து வந்தேன். குழாயில் சரோஜா சுற்றியிருந்த சாமந்திச் சரம் வழியெல்லாம் உதிர்ந்தது.

வராத தட்டு

அதற்குப் பிறகு அந்த வழியில் யாரும் வரவில்லை, போகவில்லை. கோவிந்தசாமி தெருவைச் சுற்றிக்கொண்டு போனார். நான் வெளியே நின்றால் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். அவர் போன் பேச்சு எட்டு ஊருக்குக் கேட்கும். அப்போதெல்லாம் ஒரு சத்தமும் இல்லை.

தீபாவளி வந்தது. வருடா வருடம் விடிந்ததும் அவர்கள் வீட்டுத் தட்டு வந்துவிடும். அதிரசம், முறுக்கு, ஓரத்தில் கறிக் குழம்பு. கிறிஸ்துமஸுக்கு எங்கள் தட்டு போகும். அந்த வருடம் தட்டு வரவில்லை. ஸ்டெல்லா பத்து மணிவரை கொல்லைப் பக்கமே வேலை இருப்பது மாதிரி நடந்தாள். பிறகு உள்ளே வந்து ரசம் வைத்தாள்.

“போயி ஒரு வார்த்த சொல்லிட்டு வாங்களேன்,” என்றாள்.

“என்னன்னு சொல்றது?”

“தப்புன்னு சொல்றது.”

எனக்கு வருத்தமாக இருந்தது. கண்ணாடி போய்விட்டதே என்கிற வருத்தம் இரண்டு நாளில் தீர்ந்துவிட்டது. இது தீரவில்லை. கம்பி பிடித்துக் கூரை மேல் ஏறுகிறவனுக்கு, பத்தடி தூரத்தில் இருக்கும் வாசலுக்குப் போகக் கால் வரவில்லை. கிறிஸ்துமஸுக்குள் போகாவிட்டால் பிறகு இந்த ஜென்மத்தில் போக மாட்டோம் என்று மட்டும் தெரிந்தது.

நடுவில் ஒரு புள்ளி

மழை நாள் ஒன்றில் வேலை இல்லை. துண்டில் சுற்றிய கண்ணாடியை எடுத்தேன். சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது. தேய்த்தால் கீறல் விழும் என்று பயம். எப்படிக் கழுவுவது என்று போனில் வீடியோ தேடினேன். கழுவுகிற வீடியோவுக்குப் பதில் வேறொன்று வந்தது. வால் முளைத்த மாதிரிப் படம் தெரிந்தால் என்ன செய்வது என்று யாரோ ஒருவர் தமிழில் விளக்கிக்கொண்டிருந்தார்.

தூசி காரணமே இல்லையாம். பெரிய கண்ணாடியும் சின்னக் கண்ணாடியும் ஒன்றையொன்று சரியாகப் பார்க்கவில்லை என்றால்தான் அப்படி வருமாம். “அதைச் சரி செய்ய, முதலில் பெரிய கண்ணாடியின் நட்ட நடுவில் ஒரு புள்ளி வையுங்கள்,” என்றார்.

நிறுத்தினேன். பின்னால் ஓட்டி மறுபடியும் கேட்டேன். புள்ளி வையுங்கள் என்றுதான் சொன்னார்.

நடுவில் வைத்தால் படம் கெடாதா? கெடாது. சின்னக் கண்ணாடியின் நிழல் அங்கேதான் விழும். அந்த இடத்துக்கு வெளிச்சமே வராது. சில தொலைநோக்கிகளில் கம்பெனியிலேயே புள்ளி வைத்துத் தருவார்களாம். என்னுடையதைப் போன்ற சின்னச் சாமானுக்கு நாமே வைத்துக்கொள்ள வேண்டுமாம். நடு பிசகக் கூடாது, காகிதத்தில் வட்டம் வெட்டி மடித்து அளந்து வையுங்கள் என்று எச்சரித்தார்.

ஸ்கேலை எடுத்து நான்கு பக்கமும் அளந்தேன். ஒரு நூல்கூட விலகவில்லை.

ஸ்டெல்லா எட்டிப் பார்த்தாள். “தெனம் வாசல்ல புள்ளி வெக்கிற கை அது. ஸ்கேல் எதுக்கு?”

நாலு எழுத்து படித்திருந்தால் நான் முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலையை, சரோஜா பக்தியாகச் செய்து வைத்திருந்தாள். நான் அதற்கு அவளைத் திட்டிவிட்டு வந்திருக்கிறேன். வெட்கம் என்றால் அப்படி ஒரு வெட்கம்.

கேமரா தூசியை ஊதும் ரப்பர் பந்தால் உதிர்ந்த குங்குமத்தை மட்டும் ஊதினேன். சந்தனத்தைத் தொடவில்லை. கண்ணாடியைக் குழாயில் மாட்டினேன். லென்ஸைக் கழற்றிவிட்டு வெறும் ஓட்டையில் பார்த்தேன். உள்ளே கண்ணாடிக்குள் கண்ணாடி, அதற்குள் கண்ணாடி. சந்தனப் பொட்டு ஓரத்தில் ஒதுங்கி நின்றது. அடித் திருகாணியைக் கால் திருப்பு திருப்பினேன். பொட்டு நகர்ந்தது. கொஞ்சம் இப்படி, கொஞ்சம் அப்படி. இந்த வேலை எனக்குத் தெரிந்த வேலை. பொட்டு நடுவில் வந்து உட்கார்ந்தது.

அன்று சாயங்காலம் மேகம் விலகிக் கொஞ்ச நேரம் வானம் திறந்தது. எங்கள் மாடியிலேயே, தெருவிளக்கு வெளிச்சத்தை மறைக்க என் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, சனியைப் பிடித்தேன்.

வளையம். உளுந்து அளவுதான் இருந்தது. ஆனால் கோடு போட்ட மாதிரி, உருண்டை தனியாக, வளையம் தனியாகத் தெரிந்தது. ஸ்டெல்லாவைக் கத்திக் கூப்பிட்டேன். தோசைக் கரண்டியோடு ஓடி வந்தாள். பார்த்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

“நல்லாத்தான் இருக்குது,” என்றாள். “மொதல்ல யாருக்குக் காட்டியிருக்கணும்?”

பக்கவாட்டில் நின்று

நான்கு நாள் விடாத மழை. சனி ஒவ்வொரு நாளும் மேற்கே சரிந்துகொண்டிருந்தது. ஐந்தாம் நாள் வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. இருட்டியதும் நான் குழாயைத் தோளில் வைத்தேன். ஸ்டெல்லா ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டாள். சுவரின் வழியே போனோம்.

சரோஜா வாசலில் உட்கார்ந்து மரவள்ளிக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். கோவிந்தசாமி கட்டிலில் இருந்தார். இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை. நான் ஒத்திகை பார்த்துவைத்த பேச்சு எல்லாம் மறந்துவிட்டது.

“சரோஜா, அன்னிக்கு நான் பேசுனது தப்பு. பத்தாவதுல ரெண்டு தடவ ஃபெயிலானவன் நான். படிப்பப் பத்திப் பேச எனக்கு என்ன யோக்கியத இருக்குது? கண்ணாடிக்கு நட்ட நடுவுல ஒரு புள்ளி வேணுமாம். நீ வெச்ச பொட்டாலதான் இதுக்குக் கண்ணே தெரிஞ்சுது.”

அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

கோவிந்தசாமிதான் கேட்டார். “அத நீ அழிக்கலையாய்யா?”

“அழிக்கல. அழிச்சா மறுபடியும் மாவுதான்.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. சரோஜா மட்டும் என்னைப் பார்க்காமல் கேட்டாள்: “நெசமா அந்த எடத்துலதான் வெக்கணுங்களா?”

“நெசமா. அளந்து பாத்தேன். நானா வெச்சிருந்தா கோணையாத்தான் வெச்சிருப்பேன்.”

மாடிக்குப் போனோம். தென்மேற்கில் சனியைப் பிடித்து நடுவில் நிறுத்தினேன். “வா, நீதான் மொதல்ல பாக்கணும்.”

“என்னது தெரியுதுங்ணா?”

“சனி.”

பின்வாங்கினாள். “அய்யோ, வேணாங்ணா. சனீஸ்வரன நேருக்கு நேரா நின்னு பாக்கக் கூடாது. கோயில்லயே ஒதுங்கி நின்னுதான் கும்புடுவோம். இவரு அன்னிக்குப் பாத்தாரு, அதுக்கப்புறந்தான் நம்ம ரெண்டு வூட்டுக்கும் சண்டையே வந்துச்சு.”

“அன்னிக்கு நான் எங்கடி பாத்தேன்? மாவுதான் பாத்தேன்,” என்றார் கோவிந்தசாமி.

அவளுடைய பொட்டை மதிக்காமல் பட்டது போதும். இதையும் மூடநம்பிக்கை என்று சொல்லிவிட எனக்கு வாய் வரவில்லை. குழாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் உறைத்தது.

“இங்க பாரும்மா. அவர நேராப் பாத்துக்கிட்டு நிக்கிறது குழாய்தான். கண்ணு வெக்கிற ஓட்ட பக்கவாட்டுல இருக்குது. நீ ஒதுங்கித்தான் நிக்கப் போற. உன் மூஞ்சி உங்க மோட்டார் ரூம் பக்கந்தான் திரும்பியிருக்கும்.”

கோவிந்தசாமி இதை நிலத் தகராறு மாதிரி எடுத்துக்கொண்டார். குழாயின் பின்னால் நின்று அது காட்டும் திசையைப் பார்த்தார். லென்ஸ் பக்கம் வந்து கையை நீட்டிப் பார்த்தார். மறுபடி ஒரு சுற்று சுற்றினார்.

“ஆமா. நேரா இல்ல. தாராளமாப் பாக்கலாம்,” என்று தீர்ப்புச் சொன்னார்.

சரோஜா செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டாள். முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள். ஒதுங்கி நின்று, குனிந்து, கண் வைத்தாள்.

இன்னொரு கண்ணைக் கையால் பொத்திக்கொண்டாள்.

“வளையம் போட்டிருக்குது,” என்றாள் மெதுவாக. பிறகு, “நகருதுங்ணா, நகருது, போவப் போவுது!”

நாம் நிற்கிற பூமி சுற்றுவதால் லென்ஸுக்குள் எதுவும் நிற்காது. பக்கத்தில் இருக்கும் குமிழை மெல்லத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். திருப்பினேன். சனி மறுபடி நடுவுக்கு வந்தது.

“ஏங்ணா,” என்றாள், கண்ணை எடுக்காமலே. “நாம பேசாம கெடந்தமே, அப்பவும் இது இங்கயேதான் இருந்துச்சுங்களா?”

“இருந்துச்சும்மா.”

“தெனமுமா?”

“தெனமும்.”

ஸ்டெல்லா அவள் முதுகில் கை வைத்தாள். “போதும், நகரு, நானும் பாக்கணும்,” என்றார் கோவிந்தசாமி. “இருங்க,” என்றாள் அவள்.

நான் குமிழை விடாமல் திருப்பிக்கொண்டிருந்தேன். கை வலித்தது. அவள் பார்த்து முடிக்கிறவரைக்கும் அது அவள் கண்ணை விட்டுப் போய்விடக் கூடாது.